சின்ன அளவு வகுத்தல் குறி

சென்ற மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, சின்ன அளவு வகுத்தல் குறியின் மேல்புள்ளியையும் கீழ்ப்புள்ளியையும் நடுக்கோட்டிலிருந்து நாற்பது அலகு தள்ளி வைப்பதென்று முடிவெடுக்கப்பட்டது. கூட்டம் ஈப்போவில், நம் அச்சகத்தின் பின்னறையில் நடந்தது. வந்திருந்தவர் ஒருவர். தலைமை வகித்தவரும் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரே. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் நீ. கூட்டம் முடிந்ததும் பால் விடாத கோப்பி ஓ ஒன்று அருந்தப்பட்டது.

அலகு என்றால் என்னவென்று நீ கேட்கமாட்டாய். இந்த மடலை வேறு யாராவது பார்க்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஓர் எழுத்து நிற்கும் சதுரத்தின் உயரத்தை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஓர் அலகு. சின்ன அளவு எழுத்தில் நாற்பது அலகும் சேர்ந்தால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். அந்த ஒரு தலைமுடி நகர்வதற்கு உன் மனைவியின் அனுமதி, முதலாளியின் பொறுமை, என் வெட்கம் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன.

கூட்டத்துக்குக் காரணமான ஆவணம் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. ஆயர் தாவார் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து தபாலில் வந்த நான்காம் ஆண்டுக் கணிதப் பயிற்றுநூல். பிரித்தால் நெத்திலி சம்பல் வாசனை வருகிறது. ஏதோ ஒரு பிள்ளை ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை அதன்மேல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறது. அட்டையில் எண்ணெய், வாழையிலையின் வடிவத்தில் பதிந்திருக்கிறது. நாம் அச்சடித்த நூல் ஒருவருக்காவது முழுமையாகப் பயன்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

நூல் வருவதற்கு முன் தொலைபேசி வந்தது. பள்ளி திறந்து மூன்றாவது வாரம். பேசியவர் அந்தப் பிள்ளைகளின் ஆசிரியை.

"சார், உங்க புக்குல வகுத்தல் எங்க சார் போச்சு?"

"எங்கயும் போகலயே டீச்சர்."

"பன்னெண்டை நாலால வகுக்கச் சொல்லியிருக்கீங்க. என் வகுப்புல இருபத்தோரு புள்ளைங்க. இருபத்தோரு பேரும் எட்டுன்னு எழுதியிருக்கு. கெட்டிக்காரியும் எட்டு, கணக்குன்னா வயித்துவலி வர்றவனும் எட்டு. இந்த வகுப்புல இப்படி ஒரு ஒத்துமைய நான் பாத்ததே இல்ல லா."

"மை கொஞ்சம் கூடியிருக்கும் டீச்சர்."

"மை கூடினா எல்லா எழுத்தும்ல தடிச்சிருக்கணும்? இது அந்தப் புள்ளி ரெண்டும் கோட்டோட ஒட்டிக்கிட்டு, தடியா ஒரு கழித்தல் நிக்குது. நான் கண்ணாடி போட்டுப் பாத்துட்டுத்தான் சார் பேசுறேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் புள்ளிகள் ஒட்டிக்கொள்வதை உலகத்தில் முதலில் பார்த்தவன் நான்தான். டீச்சருக்கு ஏழு மாதம் முன்னாலேயே பார்த்தேன்.

நீ எழுத்து வரையத் தொடங்கியதற்குக் காரணம் கோபம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தாய். அப்போது நம் அச்சகத்தில் ஒரு கணிதப் பக்கத்தை அச்சுக்குக் கோக்க மூன்று எழுத்துருக்கள் வேண்டும். தமிழ் ஒன்றில், எண் இன்னொன்றில், குறிகள் மூன்றாவதில். தோட்டத்து லயத்து வீடுகளில் சுவரைப் பகிர்ந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத மூன்று குடும்பங்கள்போல அவை ஒரே வரியில் இருந்தன. எண் நெடுநெடுவென்று நிற்கும். தமிழ் அதன் இடுப்புக்கு வரும். கூட்டல் குறி இருவருக்கும் சம்பந்தமில்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கும். பின்னத்தின் கோடு, மேலே நிற்கும் 'பகு' என்ற சொல்லின் வாலை வெட்டிக்கொண்டு போகும். ஒரு நாள் திரையைக் காட்டி, "இந்த கு-வோட வால அறுத்தவன் எவன் லா?" என்று கேட்டாய். பக்கம் கோத்தவன் நீ, மெய்ப்புப் பார்த்தவன் நான். இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே நீ வரைய ஆரம்பித்துவிட்டாய்.

பதினோரு வருடம், சனியும் ஞாயிறும். சிம்பாங் பூலாயில் உன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஓர் எழுத்தை முழம் உயரத்துக்கு அச்செடுத்து ஒட்டுவாய். பின்னால் மலையை உடைக்கும் தூசி ஜன்னல் வழியே வந்து அதன்மேல் படியும். உன் மனைவி மீன் பொரித்தால் எழுத்தும் சேர்ந்து எண்ணெய் குடிக்கும். நீ எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாய். எண்ணின் நடு, தமிழின் நடு, பின்னக் கோடு, கூட்டல் குறியின் கை, எல்லாம் ஒரே மட்டத்தில் வர வேண்டும் என்பது உன் கட்சி. அதில் உறுப்பினர் நீ மட்டும்தான். நான் அனுதாபி.

பள்ளிக் கணிதத்துக்கு வேண்டிய குறிகளோடு நீ நிறுத்தவில்லை. தொகையீட்டுக் குறி வரைந்தாய், அதைப் பின்னத்துக்குள் வைத்தால் எப்படி நிற்கும் என்று இன்னொன்று வரைந்தாய். எனக்குப் பெயர் தெரியாத வளைவுகளெல்லாம் வரைந்தாய். எதற்கு என்று கேட்டேன்.

"என்னிக்காவது ஒருத்தன் தமிழ்ல பௌதிகம் எழுத உக்காருவான் மச்சான். எழுத்து இல்லன்னு அவன் எந்திரிச்சுப் போயிடக் கூடாது."

இதுவரை யாரும் உட்காரவில்லை. நாற்காலி துடைத்துத் தயாராக இருக்கிறது.

சின்ன அளவுகளைக் கடைசிக்கு வைத்திருந்தாய். நூலின் நினைவூட்டல் பெட்டிகளிலும் குட்டிக் கணக்குகளிலும் வருபவை. பெரிய எழுத்தைச் சுருக்கினால் போதாதா என்று முதலாளி கேட்டபோது, "அப்பன் சட்டைய வெட்டி மூணு வயசுப் புள்ளைக்கு மாட்டினா தோள் எங்க நிக்கும் முதலாளி?" என்றாய். சின்னதைச் சின்னதாகவே வரைய வேண்டும், கோடுகள் சற்றுத் தடிக்க வேண்டும், இடைவெளிகள் சற்றுக் கூட வேண்டும், ஏனென்றால் மட்டமான தாள் மையைக் குடித்துப் பரப்பும். இதை எனக்குச் சொன்னவன் நீ. இதை மறந்ததுபோல் நடந்தவன் நான்.

எழுத்துருவுக்குப் பெயர் வந்த கதை எனக்குத் தெரியும், நான் அன்று உன் வீட்டில் இருந்தேன். உங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு நாள். உனக்கு ஞாபகம் இல்லை. அஞ்சலை தேநீரை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"நகை கேட்டேனா, சேலை கேட்டேனா?"

"ஒண்ணும் கேக்கலயே" என்றாய்.

"அதான் ஒண்ணும் வாங்கல போல."

மறுநாள் அந்த எழுத்துரு 'அஞ்சலை' ஆனது. நான்கு எழுத்துப் பெயர், அதில் ஞ்-க்கு மட்டும் ஒரு வருடம் எடுத்திருந்தாய். அவளிடம் சொன்னபோது, "எதுக்கு, ஊர்ப் புள்ளைங்க எல்லாம் என்னை வச்சுக் கணக்குப் போடுறதுக்கா?" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள். 'இந்நூல் அஞ்சலை எழுத்துருவில் கோக்கப்பட்டது' என்று ஒரே வரி, மேலும் கீழும் தாராளமாக வெற்றிடம். அவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலைக்கு ஒரு பிரதியை எடுத்துப்போய் வங்காளதேசத்துப் பெண்களிடம் காட்டியிருக்கிறாள். தமிழ் தெரியாவிட்டாலும் அவர்கள் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார்கள் என்று சொன்னாள்.

நீ எழுத்துருவை இலவசமாக இணையத்தில் வைத்தாய். ஆசிரியர்கள் இறக்கிக்கொண்டு வினாத்தாள் செய்தார்கள். யாரோ ஒருவன் கல்யாணப் பத்திரிகைக்காக அதை அகலமாக இழுத்து, பெயரை மாற்றாமலே திரும்பவும் இணையத்தில் போட்டான். ஒரு நாள் உனக்கு மின்னஞ்சல் வந்தது. சமையலறையில் நின்று உரக்கப் படித்தாய்: "ஐயா, அஞ்சலை வரிக்கு வரி பருமனாகிறது. கால்கள் கோணலாக இருக்கின்றன. கவனிக்கவும்."

அடுப்பருகில் நின்றிருந்த அஞ்சலை திரும்பினாள். "யாரு அவன்? நம்பர் குடுங்க."

அன்றைக்குத்தான் எழுத்துருவோடு போகும் உரிமக் குறிப்பில் அந்த நிபந்தனையைச் சேர்த்தாய். எழுத்துருவை யாரும் பயன்படுத்தலாம், யாரும் மாற்றலாம். ஒரு புள்ளியை மாற்றினாலும் அஞ்சலை என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் இது புதிதல்ல, எழுத்துரு செய்கிறவர்கள் பலர் இப்படி எழுதுவார்கள். நீ மட்டும் கூடுதலாக, 'தேவைப்பட்டால் தம் மனைவியின் பெயரை வைத்துக்கொள்ளலாம்' என்று எழுதினாய்.

உனக்கு மரியாதை நடக்காமல் இல்லை. தமிழில் அறிவியல் எழுத முடியும் என்பதை உலகுக்கு அறிவிக்கும் மாநாடு ஒன்றுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். பொன்னாடை போர்த்தினார்கள், அதை எடுத்து அடுத்தவருக்கும் போர்த்தினார்கள். மாநாட்டு மலரில் உன் கட்டுரை வந்தது. மலரை வேறு எழுத்துருவில் கோத்திருந்ததால் நீ சூத்திரம் எழுதிய இடங்களிலெல்லாம் வெற்றுக் கட்டங்கள் நின்றன. நான் ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன். நீ மலரைத் தூரத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "கட்டம் நல்லா சதுரமா இருக்கு லா. வரைஞ்சவன் வேலை தெரிஞ்சவன்" என்றாய்.

பிறகு உன் வயிற்றில் அது வந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அஞ்சலை என்னை நிறுத்தினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவருக்குத் தெரிய வேணாம் அண்ணே. அவரு எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லுங்க" என்றாள். நம் குடும்பங்களில் நோயாளியைத் தவிர எல்லாருக்கும் நோய் தெரியும். நாங்கள் அதைச் சிறப்பாகச் செய்தோம். ரத்தப் பரிசோதனை சரி. எடை குறைந்தது சரி. அடுத்த மாதம் வேலைக்கு வந்துவிடலாம், அதுவும் சரி.

அந்த வாரம் நீ என்னிடம் ஒரு வேலை சொன்னாய். சின்ன அளவுக் குறிகளை வரைந்து முடித்திருந்தாய். அவற்றை நம் அச்சு இயந்திரத்தில், நாம் நூலுக்குப் போடும் அதே தாளில் ஒரு பக்கம் அடித்துக் கொண்டுவரச் சொன்னாய். அடித்தேன். கூட்டல் சரியாக இருந்தது, பெருக்கல் சரியாக இருந்தது. வகுத்தலில் புள்ளிகள் மையை இழுத்துக் கோட்டோடு ஒட்டியிருந்தன. விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது.

அதே பக்கத்தை அலுவலக லேசர் அச்சில், வழவழப்பான வெள்ளைத் தாளில் ஒன்று எடுத்தேன். அதில் எல்லாம் நகையைப்போல இருந்தது. இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். எதைக் கொடுப்பது என்று பேருந்தில் முடிவு செய்யவில்லை. உன் கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைப் பார்த்ததும் வெள்ளைத் தாளை எடுத்தேன்.

நீ உருப்பெருக்கியை வாங்கிக்கொண்டாய். நெடுநேரம் பார்த்தாய்.

"பேப்பர் ரொம்ப வெள்ளையா இருக்கே மச்சான்."

"புதுசா வந்திருக்கு."

"அச்சுல அடிச்சதா?"

"ஆமா லா."

"வகுத்தல் ஒட்டலயே?"

"சரியா இருக்கு."

நீ உருப்பெருக்கியை இறக்கி என் முகத்தைப் பார்த்தாய். எழுத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவில்லை, இரண்டு கண்ணாலும் பார்த்தாய். பிறகு, "சரி" என்றாய். "அப்ப மூடிடலாம்."

மடிக்கணினியை என் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாய். இது இறுதிப் பதிப்பு என்று குறிக்கச் சொன்னாய். உரிமக் குறிப்பைத் திறக்கச் சொல்லி, நிபந்தனைக்குக் கீழே இன்னொரு வாக்கியம் சொன்னாய். நான் தட்டச்சு செய்தேன்: 'இந்த நிபந்தனை எனக்குப் பிறகு என் வீட்டாருக்கும் என் அச்சக நண்பனுக்கும் பொருந்தும்.'

"நான் எதுக்கு இதுல?" என்று கேட்டேன்.

"சும்மா இரு லா" என்றாய்.

பதினெட்டு நாள் கழித்து நீ போய்விட்டாய். வருட இறுதியில் அந்த இறுதிப் பதிப்பை வைத்துப் பயிற்றுநூல்களைக் கோத்தோம். மெய்ப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் வழக்கம்போல் 'சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மெய்ப்பு லேசரில் எடுக்கப்படுவது, வெள்ளைத் தாள். வகுத்தல் குறி வந்த பக்கங்களை மற்றவற்றைவிட வேகமாகத் திருப்பினேன்.

ஆயர் தாவார் டீச்சர் பேசிய அன்று முதலாளியிடம் போனேன். அவர் அச்சகப் பிரதி ஒன்றைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"புள்ளியத் தள்ளி வைக்க எவ்வளவு நேரம்பா ஆகும்?"

"அவன் இருந்தா கால் மணி நேரம். ஆனா மாத்தினா பேரை எடுக்கணும் முதலாளி. அவன் எழுதி வச்சிருக்கான்."

"போனவரு வந்து கேஸ் போடப் போறாரா?"

"அந்த வரிய நான்தான் டைப் பண்ணேன்."

"அப்ப நீயே அழிச்சிடு" என்றார். நடைமுறை தெரிந்த மனிதர்.

நான் வேறு வழி தேடினேன். வேறொரு எழுத்துருவிலிருந்து வகுத்தல் குறியை மட்டும் இரவல் வாங்கி ஒட்டினேன். அது எண்களின் இடுப்புக்குக் கீழே தொங்கியது, பதினோரு வருடத்துக்கு முன்னால் இருந்ததுபோலவே. தவிரவும் என் ஒட்டுவேலை நம் நூலுக்குத்தான் உதவும். எழுத்துருவை இறக்கிக்கொண்டு வினாத்தாள் செய்த ஆசிரியர்களின் கணினிகளில் புள்ளிகள் ஒட்டியபடியேதான் இருக்கும். பேரா மாநிலம் முழுக்க எத்தனை பிள்ளைகள் எட்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒற்றுமையாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் போனேன். அஞ்சலை கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?"

சமையலறைச் சுவரில் கடைசியாக நீ ஒட்டிய அடைப்புக்குறி அப்படியே இருந்தது. திறக்கும் பக்கம் மட்டும் இருந்தது, மூடும் பக்கத்தை நீ ஒட்டவில்லை. நான் நூலை மேசையில் வைத்து, டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"எங்கவூட்டுக்காரு பாத்துட்டுத்தானே மூடினாரு?" என்றாள். "அவரு கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. உங்க முதலாளி மட்டமான பேப்பர் போட்டிருப்பாரு. அதுக்கு எதுக்கு எழுத்தைக் குறை சொல்றீங்க?"

அவள் கோபம் நியாயமானது. நான் பையைத் திறந்து அன்று கொடுக்காத தாளை எடுத்து நூலின் பக்கத்தில் வைத்தேன். ஏழு மாதமாக அது அந்தப் பையிலேயே இருந்தது. எடுத்து எறிய எனக்குத் தைரியம் வரவில்லை என்பதால்தான், வேறு உயர்ந்த காரணம் இல்லை.

அஞ்சலை தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். இருபது வருடமாகக் கையுறைகளில் ஊசி முனை அளவு ஓட்டை தேடுகிறவள். எனக்கு உருப்பெருக்கி வேண்டியிருந்தது, அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஒட்டியிருக்கு" என்றாள். "இது எப்ப அடிச்சது?"

"அவன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"அவருக்குக் காட்டினீங்களா?"

"வேற தாளைக் காட்டினேன். சரியா இருக்குன்னு சொன்னேன்."

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"நாந்தானே சொன்னேன், எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லுங்கன்னு."

"நீ டாக்டர் ரிப்போர்ட்டப் பத்தித்தானம்மா சொன்னே."

"எல்லாத்தையும்தான் சொன்னேன்." நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவருக்குத் தெரிஞ்சுச்சா?"

"பேப்பர் வெள்ளையா இருக்கேன்னு கேட்டான்."

"அப்பத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "ரிப்போர்ட்டையும் அப்படித்தான். என் தலையணைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன். ஒரு நாள் எடுத்து மடிச்சு என் கையில குடுத்துட்டு, 'நல்லாத்தானே இருக்கு, எதுக்கு ஒளிக்கிற'ன்னாரு."

மலைப் பக்கம் லாரி ஒன்று போனது. கோப்பைகள் லேசாக அதிர்ந்தன.

அவள் தாளை மடித்து நூலுக்குள் வைத்தாள். "பேரை எடுத்துருங்க அண்ணே" என்றாள்.

"முதலாளி வேணாங்கிறாரு. பேரை வச்சுக்கிட்டே மாத்திடலாம்னு சொல்றாரு. யாரும் கேக்கப்போறதில்ல."

"ஃபேக்டரியில ஓட்டை விழுந்த கையுறைய ஒட்டி அதே பெட்டியில வைக்க மாட்டோம்."

"இது கையுறை இல்லம்மா. பதினோரு வருஷம் செஞ்சிருக்கான். உனக்குன்னு வச்ச பேரு."

"அதனாலதான் சொல்றேன். புள்ளைங்க தப்பாப் போடுது, கடைசிப் பக்கத்துல என் பேரு இருக்கு. எனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதானே அவரு அந்த வரியே எழுதினாரு. நீங்க வேற அதுல கையெழுத்துப் போட்ட மாதிரி டைப் பண்ணியிருக்கீங்க." எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "புதுசுக்கு என்ன பேரு வைப்பீங்க?"

"தெரியல."

"அவரு சொன்ன மாதிரி செய்யவும் உங்களுக்குப் பொண்டாட்டி இல்ல" என்றாள். சிரித்தாளா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் நான் முதலில் சொன்ன கூட்டம். தீர்மானம் நிறைவேறியது, நிறைவேற்றுவது வேறு விஷயம். புள்ளிகளை நகர்த்தினேன். குறி உயரமானது. உயரமான குறி நினைவூட்டல் பெட்டியின் கோட்டில் இடித்தது. பெட்டியைப் பெரிதாக்கினேன். ஐம்பத்து மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கணக்கு ஐம்பத்து நான்குக்கு இறங்கியது. அதன் பின்னால் பன்னிரண்டு பக்கங்கள் நகர்ந்தன. விடைப்பகுதியில் பக்க எண்கள் எல்லாம் பொய்யாயின. ஒரு தலைமுடியால் இவ்வளவு நடக்கும் என்று நீ சொன்னதில்லை, உனக்கு நடந்திருக்காது. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போயிருப்பாய். எனக்கு இரண்டு வாரம் ஆனது. அப்போதும் பெருக்கல் குறி பக்கத்தில் நிற்கும்போது வகுத்தல் குறி கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது. எங்கே தவறு என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை.

புதிய கோப்பைச் சேமித்தபோது மென்பொருள் பெயர் கேட்டது. கட்டத்தைக் காலியாக விட்டேன். அது தானாகவே 'பெயரிடாதது 1' என்று வைத்துக்கொண்டது. அப்படியே இணையத்தில் ஏற்றி, பழையதை நீக்கிவிடச் சொல்லி ஆசிரியர்களுக்கு எழுதினேன். ஆயர் தாவார் டீச்சர் கூப்பிட்டு, இப்போது வகுத்தல் வகுத்தலாக இருக்கிறது என்றார். "பழைய பேரே நல்லா இருந்துச்சே சார், எங்க பெரியம்மா பேரு" என்றும் சொன்னார். ஆமாம் டீச்சர் என்றேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான், அதுவும் நீ கற்றுக்கொடுத்ததல்ல. இப்போது மெய்ப்பை அச்சுத் தாளிலேயே எடுக்கச் சொல்கிறேன். முதலாளி தாள் வீணாகிறது என்கிறார். முப்பது வருடமாக ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 'சரி' என்று எழுதி வந்தவன், இப்போது 'பார்த்தேன்' என்று எழுதுகிறேன். அதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அச்சகத்தில் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான்காம் ஆண்டு நூலின் மறுபதிப்பு சென்ற வாரம் வந்தது. அஞ்சலைக்கு ஒரு பிரதி அனுப்பினேன். 'பெயரிடாதது 1 எழுத்துருவில் கோக்கப்பட்டது' என்று போட்டால் நன்றாக இருக்காது என்று முதலாளி அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். வரியையும், அதன் மேலும் கீழும் நீ விட்டிருந்த வெற்றிடத்தையும் சேர்த்தால் கால் பக்கம் வந்தது. அங்கே இப்போது ஒரு டியூஷன் சென்டரின் விளம்பரம் இருக்கிறது.